தண்ணீர் குறைந்த கலவை: பேவர் பிளாக் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரிமங்கலம் பக்கம் புதிதாகப் பேவர் பிளாக், அதாவது தரையில் பதிக்கும் சிமென்ட் கல், போடும் யார்டு தொடங்கிய தம்பிகள் இருவரைப் போன மாதம் பார்த்தேன். நான் அன்று செய்த தவறை அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். சலிப்பது, அளப்பதெல்லாம் நாலு நாளில் கைக்கு வந்துவிடும். அதை விடுகிறேன்.

தூளின் ஈரம்

கலவையில் சேர்க்கும் கிரஷர் தூளில் (கருங்கல் உடைக்கும்போது வரும் தூள்) 5 சதவீதம் ஈரம் இருந்தால் 100 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மழைக்கு மறுநாளும் வழக்கம்போல ஊற்றாதீர்கள்.

வெயிலில் காயவிடுவது

இந்தக் கலவை ஈரமண் மாதிரிதான் இருக்கும். கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்கும், உள்ளங்கை ஈரமாகும், விரலிடுக்கில் தண்ணீர் கசியாது. அதனால்தான் அச்சைத் தூக்கியதும் கல் அப்படியே நிற்கிறது. நின்றதைப் பார்த்து இறுகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

50 கிலோ மூட்டைச் சிமென்ட் தண்ணீரோடு முழுதாக வினைபுரிந்து இறுக, நுண்துளைகளில் தங்குவதையும் சேர்த்து 19 லிட்டர் போல வேண்டும். நாம் சேர்ப்பதோ 17, 18 லிட்டர். வெயிலுக்குக் கொடுக்க உள்ளே உபரி கிடையாது. இருப்பதையும் காற்று இழுத்துக்கொண்டால் வினை பாதியில் நின்றுவிடும்.

முதல் வருஷம் சித்திரையில் போட்ட கல்லுக்குக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை தண்ணீர் அடித்தேன். மதியத்திலேயே கல் வெளுத்துக் கிடந்தது. கெட்டியாகிறது என்று சந்தோஷப்பட்டேன். பாலக்கோட்டில் லோடு இறக்கும்போது ஓரமெல்லாம் உதிர்ந்தது. கட்டை விரலால் தேய்த்தால் மேலே மாவு வந்தது. லோடு முழுக்கத் திரும்பி வந்தது. அப்புறம் எத்தனை குடம் ஊற்றியும் மேல்தோல் தேறவில்லை. சிமென்டில் குறை வைக்கவில்லை, கலவையிலும் குறையில்லை. ஒரு தார்ப்பாய் போடாததால் போன காசு அது. இன்றைக்கும் வெளுத்த கல்லைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

போட்ட அன்றே தார்ப்பாய் மூடுங்கள். மறுநாளிலிருந்து ஈரச் சாக்கு, அது காயவே கூடாது. கலப்புச் சிமென்டுக்கும் (சாம்பல் போன்றவை கலந்தது) வறண்ட வெயிலுக்கும் 10 நாளுக்குக் குறையக் கூடாது, 14 நாள் வரை போகலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. நம் ஊர் வெயிலுக்கு 14 நாளே சரி.

அதிர்வைக் குறைப்பது

உள்ளே 5 சதவீதம் காற்று தங்கினால் வலுவில் சுமார் 30 சதவீதம் போய்விடும். மெஷின் அதிரும் நொடிகளில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

காய்ந்த கலவையில் தண்ணீர் தெளித்துக் கிளறுவது

வேண்டாம். தள்ளிவைத்து யார்டுத் தரை நிரவப் போடுங்கள்.