ஓடும் மாதிரி ரயிலில் காற்றழுத்தச் சோதனை செய்வது எப்படி?

ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது எழும் அழுத்த அலையை, மாதிரியை நிறுத்திவைத்துக் காற்றை ஊதி அளக்க முடியாது. மாதிரிதான் ஓட வேண்டும். இங்கிலாந்தின் டெர்பியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் 150 மீட்டர் தடம் இதற்கென்றே அமைந்தது. அங்கே வழக்கமான அளவு 1:25. கீழே உள்ள கணக்குகளும் அதே அளவுக்கானவை.

முதலில் வேகத்தை முடிவு செய்யுங்கள். சுரங்கச் சோதனையில் மாக் எண் (ரயிலின் வேகத்துக்கும் ஒலியின் வேகத்துக்கும் உள்ள விகிதம்) பொருந்த வேண்டும். ஒலியின் வேகம் மாதிரிக்காகக் குறையாது. ஆகவே மணிக்கு 216 கி.மீ. ஓடும் ரயிலுக்கு மாதிரியும் நொடிக்கு 60 மீட்டர் ஓடியே ஆக வேண்டும். நீளம் 25 மடங்கு சுருங்குகிறது, வேகம் அப்படியே இருக்கிறது. அதனால் நேரமும் 25 மடங்கு சுருங்கும். உண்மையில் 1 நொடி எடுப்பது இங்கே 40 மில்லிநொடி.

சுரங்கத்தின் குறுக்குவெட்டுப் பரப்பை 625ஆல் (25 × 25) வகுக்கவும்: 63 சதுர மீட்டர் சுரங்கம் 0.1 சதுர மீட்டராகும். 20 மீட்டர் நீளம் வைத்தால் 500 மீட்டர் சுரங்கத்துக்குச் சமம். இணைப்புகளில் காற்று கசிந்தால் அழுத்தம் குறைவாகவே பதிவாகும். ஒவ்வொரு இணைப்பையும் அடைத்துவிடுங்கள்.

மாதிரி ரயிலை ரப்பர் கயிற்றை இழுத்துவிட்டு ஏவலாம். 20 மீட்டருக்குள் 60 மீ/நொ. எட்டினால் சராசரி முடுக்கம் 9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 9 மடங்கு). 10 மீட்டரில் நிறுத்தினால் 18 ஜி. வண்டிக்குள் இருக்கும் பதிவுக்கருவி, பேட்டரி, சாலிடர் மூட்டுகள் எல்லாம் இதைத் தாங்க வேண்டும். பெரும்பாலும் முதலில் அறுவது ஒயர்தான். ஏவும்போது தடத்தருகே எவரும் நிற்கக் கூடாது.

அழுத்த சென்சாரைச் சுரங்கச் சுவரோடு சமமாகப் பதிக்கவும். குழாய் வழியாக இணைக்காதீர்கள்: 10 செ.மீ. குழாய் ஏறத்தாழ 850 ஹெர்ட்ஸில் தானே ஒத்ததிர்ந்து, அலையின் செங்குத்தான முகப்பில் பொய்யான கூர்முனை காட்டும். உண்மையில் 5 மீட்டரான மூக்கு மாதிரியில் 20 செ.மீ.; அது சுரங்க வாயைக் கடக்க 3.3 மில்லிநொடிதான் ஆகும். நொடிக்கு 20,000 அளவீட்டுப் புள்ளிகள் எடுத்தால் அந்த ஏற்றத்தில் 66 புள்ளிகள் கிடைக்கும்.

வேகத்தை 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஒளிக்கதவுகளால் (ஒளிக்கற்றை மறிக்கப்படும் நேரத்தைக் குறிக்கும் கருவிகள்) அளக்கவும், சுரங்க வாயிலுக்குச் சற்று முன்பாக. ரப்பரின் வெப்பநிலை மாறினால் வேகமும் மாறும். வேகத்தில் 1 சதவீதப் பிழை அழுத்தத்தில் ஏறக்குறைய 2 சதவீதப் பிழையாகும். எனவே ஒவ்வொரு ஓட்டத்தையும் அதன் சொந்த வேகத்தின் வர்க்கத்தாலும் அன்றைய காற்றடர்த்தியாலும் வகுத்த பிறகே ஒப்பிடுங்கள். 60 மீ/நொடியில் இயங்கழுத்தம் (காற்றடர்த்தி × வேகத்தின் வர்க்கம் ÷ 2) 2,160 பாஸ்கல்.

அழுத்த அலை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். ஐந்தாறு ஓட்டங்களே போதும். தண்டவாளத்தருகே நிற்பவர் மேல் மோதும் இழுகாற்று அப்படியல்ல, கொந்தளிப்பு அதிகம். அதற்கு 20 ஓட்டங்களுக்குக் குறையாமல் எடுத்து, மூக்கு கடக்கும் கணத்தை ஒன்றாக்கிச் சராசரி பாருங்கள்.