கவாத்து செய்யும்போது கிளையை எந்த இடத்தில் வெட்டுவது?

கவாத்து பழகத் தொடங்கிய நாட்களில், வெட்டிய இடம் மேடு தெரியாமல் தண்டோடு சமமாக இருந்தால்தான் வேலை சுத்தம் என்று எண்ணி, ஒரு மரத்தின் மூன்று கிளைகளை அடியொட்டி அறுத்தேன். சில ஆண்டுகளில் மூன்று காயங்களுமே மூடாமல் உளுத்துப் பொந்தாயின.

எதை நீக்குவது என்பது எளிது. பட்டுப்போனவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை என்ற வரிசையில் எடுங்கள். பச்சைக் கிளைகளில் ஓராண்டுக்குக் கால்பங்கைத் தாண்ட வேண்டாம்.

விரல் பருமனுள்ள கிளைகளுக்குக் கத்தரிக்கோல் போதும். இரு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடந்து வெட்டும் வகையையே வாங்குங்கள். ஓர் அலகு தட்டையான பரப்பில் போய் அழுந்தும் வகை பச்சைத் தண்டை நசுக்கிவிடுவதால், காய்ந்த சுள்ளிகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன்.

பருத்த கிளைக்கு ரம்பத்தால் மூன்று வெட்டுகள் தேவை. முதலில், தண்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுக்க வேண்டும். இரண்டாவதாக, அதற்குச் சில செ.மீ. வெளியே மேலிருந்து அறுத்தால், கிளை தன் பாரத்தில் முறியும்போது பட்டை தண்டுவரை உரிந்து வராமல் அடிவெட்டோடு நின்றுவிடும். எஞ்சிய கட்டையை நீக்குவது மூன்றாம் வெட்டு. நான் பிழை செய்தது இதில்தான்.

கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம்போலச் சற்றுப் புடைத்திருக்கும் பகுதி தண்டின் திசுக்களைச் சேர்ந்தது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைத் தடுப்புச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்பதை அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஏராளமான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து விளக்கினார். அந்த அடைப்புக்கு உதவும் புடைப்பை நான் கிளையோடு சேர்த்து அறுத்தெறிந்திருந்தேன். ஆகவே, புடைப்பைத் தொடாமல் அதற்கு வெளியே ஒட்டி வெட்டுங்கள். அதற்காக நீண்ட முளையாக விட்டுவிடவும் கூடாது. அது காய்ந்து அழுகலுக்கு வழிவிடும்.

பிற்சேர்க்கை: புடைப்பே தெரியவில்லை என்று வாசகர் சிலர் எழுதியிருந்தனர். கவையின் மேற்புறத்தில் பட்டை சுருங்கி எழும்பிய வரப்பு ஒன்று இருக்கும். அதற்குச் சற்று வெளியே தொடங்கி, அந்த வரப்பு தண்டோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதே அளவு எதிர்ப்புறம் சாய்த்துக் கீழே இறக்குங்கள். காயத்துக்குத் தாரோ பெயின்ட்டோ பூசலாமா என்றும் கேட்டிருந்தனர். பொதுவாகத் தேவையில்லை, பூச்சுக்கு அடியில் ஈரம் தங்குவதுதான் மிச்சம்.

புதர்ச்செடிகளில் பூக்கும் காலம் முக்கியம். சென்ற பருவத்துக் கிளையில் பூப்பவற்றைப் பூத்து முடிந்ததும், புதுத் துளிரில் பூப்பவற்றைத் துளிர்க்கும் முன்னும் வெட்டுங்கள். உச்சியை மட்டும் மழிக்காமல், முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒன்றை ஆண்டுதோறும் தரையோடு எடுத்தால் உள்ளே வெளிச்சம் இறங்கும்.

மரத்தில் வெட்டிய இடத்தை ஓராண்டு கழித்துப் பாருங்கள். காயத்தைச் சுற்றி முழு வட்டமாகப் புதுப்பட்டை உருண்டு வந்திருந்தால் வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இரு பக்கங்களில் மட்டும் தடித்து மேலும் கீழும் வெறுமையாக இருந்தால், அடுத்த முறை ரம்பத்தைச் சற்று வெளியே தள்ளி வையுங்கள்.