மீனவர் நேர்காணல்களைக் குறியிட உதவும் கட்டற்ற மென்பொருள்கள்

காசிமேட்டிலும் எண்ணூரிலும் மீனவர்களிடம் எடுத்த நேர்காணல்கள் கையில் இருந்தும், பகுப்பாய்வு மென்பொருளை விலை கொடுத்து வாங்க இயலாத ஆய்வு மாணவர்கள், குறியிடுதலை, அதாவது பேச்சின் பகுதிகளுக்குப் பொருள் சார்ந்த குறிச்சொல் இடுவதை, டாகெட் (Taguette) என்னும் கட்டற்ற மென்பொருளில் தொடங்கலாம். அது உலாவியில் திறந்தாலும், சொந்தக் கணினியில் நிறுவிக்கொண்டால் தரவு வெளியே செல்வதில்லை. நம்பிப் பேசியவர்களின் சொற்களைக் காக்க இது இன்றியமையாதது என்பேன்.

நேர்காணலைக் கேட்டு எழுதிய எழுத்துப்படி பழைய எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையேல் திரையில் தமிழே தெரியாது.

பிறகு வரியைத் தேர்ந்தெடுத்துக் குறிச்சொல் இடுங்கள். “ஆத்துல சாம்பல் படிஞ்சு மீன்பாடே இல்ல” என்று ஒருவர் சொல்லியிருந்தால், ‘மாசு’ என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிடாமல், ‘சாம்பல்’, ‘மீன்பாடு’ என அவர் வாய்ச்சொற்களையே இரண்டு குறிச்சொற்களாக அந்த ஒரே வரிக்கு இடலாம். குறிச்சொல்லுக்கு விளக்கம் எழுதும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். இருபதாவது நேர்காணலுக்கு வரும்போது, ‘மீன்பாடு’ என்பதில் விலைச் சரிவையும் சேர்த்தோமா என்ற ஐயம் கட்டாயம் எழும். ஒரே பொருளில் இரண்டு குறிச்சொற்கள் உருவாகிவிட்டால் அவற்றை இணைத்துவிடலாம்.

டாகெட் எழுத்துக் கோப்புகளை மட்டுமே கையாளும். மீன் ஏலத்தின் ஒலிப்பதிவையோ படங்களையோ நேரடியாகக் குறியிட, பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட குவால்கோடர் (QualCoder) என்னும் கட்டற்ற மென்பொருள் பொருந்தும்; அதைக் கற்கச் சற்றுக் கூடுதல் பொறுமை வேண்டும்.

வாரந்தோறும் குறியிட்ட பகுதிகளை விரிதாளாக ஏற்றுமதி செய்து, தனி இயக்ககத்தில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்.