தரை வெறுமையாக இருக்கட்டும்: வன்னி வீட்டை ஒழுங்காக வைத்திருக்கும் முறை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் வீட்டை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும். சுவரோரம் அடுக்கிய உரப்பைகள், கட்டிலுக்குக் கீழே தள்ளிய பெட்டிகள், குசினி மூலையில் குவித்த விறகு என்று தரையில் சேரும் ஒவ்வொன்றும் கறையானுக்கும் எலிக்கும், எலியைத் தேடி வரும் பாம்புக்கும் இடம் கொடுக்கிறது. போர் முடிந்து மக்கள் மீள்குடியேறிய பின் இந்திய அரசின் உதவியோடு, இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகள் பல ஏறத்தாழ 550 சதுர அடி அளவானவை. அந்த அளவுக்குள் நெல்மூடை முதல் பிள்ளைகளின் பாடப்புத்தகம் வரை அடங்க வேண்டியிருப்பதால், பொருட்கள் தரைக்கு இறங்கிவிடுகின்றன. ஆனால் அதே வீடுகளில் சுவரின் மேற்பாதி வெறுமையாகவே இருப்பதைக் காணலாம். இடம் அங்கேதான் இருக்கிறது.

வெயில் நாளொன்றில் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு வீட்டையும் ஒரே நாளில் கலைத்தால் மாலைக்குள் திரும்ப அடுக்க முடியாமல் போகும். அறையிலுள்ள அனைத்தையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து, நாள்தோறும் தேவைப்படுபவை, போகத்துக்கோ திருவிழாவுக்கோ மட்டும் தேவைப்படுபவை, ஒருபோதும் எடுக்காதவை என்று பிரியுங்கள். மூன்றாவது குவியலில்தான் பிணக்கு வரும். பலமுறை இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் இழந்த ஒரு தாய், நெளிந்த பேணியொன்றைக்கூட எறிய விடமாட்டார். அதைக் குறையாகக் கருதக் கூடாது. அவருக்கென்று மூடியுள்ள ஒரு பெட்டியை ஒதுக்கி, அதற்குள் எது இருக்க வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க விடுங்கள். அவர் அறியாமல் எதையும் அப்புறப்படுத்த வேண்டாம்.

நாள்தோறும் எடுப்பவற்றுக்கு நெஞ்சளவு உயரத்திலும், எப்போதாவது எடுப்பவற்றுக்குத் தலைக்கு மேலும் பலகைத் தட்டுகளை அடியுங்கள். சுளகு, கடகம், பனையோலைப் பெட்டி போன்றவற்றை ஆணியில் மாட்டலாம். நெல்மூடைகளைச் செங்கல்லின் மேல் பலகை போட்டு அடுக்கி, சுவருக்கும் மூடைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கறையான் மண்புற்றுக் கட்டிக்கொண்டு சுவர் வழியே ஏறுவதால், இடைவெளி இருந்தால்தான் அது கண்ணில் படும். நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவிடாமல் மூட்டை கட்டினால், எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும் பூஞ்சணம் பிடிக்கும். விறகு வீட்டுக்குள் இருக்கவே கூடாது. வளவில் தனியே ஒரு சிறு கொட்டில் போட்டு, கற்களின் மேல் அடுக்கி, அன்றைய சமையலுக்குத் தேவையானதை மட்டும் பகல் வெளிச்சத்தில் எடுத்து வாருங்கள்.

தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் உறங்குபவர்களையே அது பெரும்பாலும் தீண்டுகிறது, கடித்த இடத்தில் வலி மிகக் குறைவாக இருப்பதால் பலர் கடிபட்டதையே உணர்வதில்லை. நுளம்பு வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது நுளம்புக்கும் பாம்புக்கும் சேர்த்தே தடையாகிறது. காலையில் பாயை உதறிச் சுருட்டிக் கொடியில் போட வேண்டும்.

அடுத்தது தண்ணீர்ப் பாத்திரங்கள். டெங்கு நுளம்பின் முட்டை வளர்ந்து நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாளி, பீப்பாய், பூச்சாடித் தட்டு, கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை வெறுமையாக்க வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், தும்பால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் நம்மில் பலரிடம் ஏற்கெனவே உண்டு. விளக்கேற்றுவதற்கு முன் செய்யும் அந்த வேலையோடு இதையும் இணைத்துவிட்டால் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலில் படியும் வெண்படிவைப் புளித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு அதே நாளில் அகற்றலாம்.

தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசி எங்கும் படியும். முற்றத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு ஈர்க்குமாறால் கூட்டுங்கள். உள்ளே கூட்டியபின் ஈரத்துணியால் துடையுங்கள். தரை வெறுமையாக இருக்கும் வீட்டில் இவ்வேலை விரைவில் முடிந்துவிடும்.

இத்தனையையும் ஒருவரின் தோளில் வைத்தால் எந்த ஒழுங்கும் நிலைக்காது. வன்னியில் வயல்வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ சென்று வந்தபின் சமையலையும் தனியே பார்க்கும் பெண்கள் பலர். குடும்பத்தை ஒற்றையாகச் சுமப்பவர்களும் அவர்களில் உள்ளனர். “அம்மாவுக்கு உதவி செய்” என்று பொதுவாகச் சொல்வதால் பயன் இல்லை. எந்த வேலை, எப்போது, யார் என்பதைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். பாய்களை மகன் எடுக்கட்டும், முற்றத்தை மகள் கூட்டினால் குசினிப் பாத்திரங்களை அப்பா கழுவட்டும். மாதம் ஒருமுறை முறையை மாற்றினால் எவருக்கும் எந்த வேலையும் தலைவிதியாகிவிடாது. உண்ட கோப்பையைக் கழுவி வைப்பது ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொதுவான கடமை என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டியவை வேறு. கூரை ஓடுகளைப் பார்த்து, பீலியில் சேர்ந்த சருகை அள்ளி, தாழ்வான தட்டிலுள்ளவற்றை மேலே ஏற்றுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. காணி உத்தரவுப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் கிளினிக் கொப்பி ஆகியவற்றைத் தண்ணீர் புகாத ஒரே பையில் இட்டு, உயர்ந்த தட்டில் வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவையுங்கள். பிரதிகளை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவைப்பது நல்லது. தை வெயில் வந்ததும் பையைத் திறந்து, ஈரம் ஏறியிருந்தால் தாள்களை நிழலில் உலர்த்தி, பை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.