கூலன்ட் குறைகிறதா? ஊற்றுவதற்கு முன் ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் பல கார்கள் மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்கின்றன. கல்யாணம், கும்பாபிஷேகம் என்று வீட்டுக்காரர்கள் ஊருக்கு வந்ததும், காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு 90 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டுவார்கள். ஓடாமல் நின்ற காரில் ரப்பர் ஹோஸ் இறுகி வெடித்திருக்கும், வாட்டர் பம்ப் சீலில் உப்பு படிந்திருக்கும். சித்திரை வெயிலில் அழுத்தம் ஏறியதும் முதலில் விட்டுக்கொடுப்பது இவைதான். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் வழி மூடிய சுற்று. அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே போனால் ஒருநாள் இன்ஜின் சூடேறி அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளையும். செலவு பத்து மடங்காகும்.

எதைத் தொடும் முன்பும் இன்ஜினை முழுதாக ஆறவிடுங்கள். ஒரு மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரமாவது வேண்டும். உள்ளே இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்பது பெரும்பாலும் அழுத்தத்தால்தான். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போன அந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும்.

ராத்திரி காருக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து வையுங்கள். செம்மண் தரை சொட்டுகளை உறிஞ்சிவிடும், காலையில் தடம் தெரியாது. அட்டையில் நிறமோ வாசனையோ இல்லாத தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்தது, கவலை வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு, தொட்டால் வழுவழுப்பாக, இனிப்பு வாடையுடன் இருந்தால் கூலன்ட்.

பிறகு பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு கட்டியிருக்கும். ஓடிவந்த வழியைத் தடவிக்கொண்டே மேலே போனால் தொடக்க இடம் கிடைக்கும். ஹோஸ் முனைகளை அமுக்கிப் பாருங்கள்: கிளாம்ப் பக்கத்தில் வெடிப்பு தெரிந்தாலும், ஹோஸ் உப்பியோ சவசவவென்றோ இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பைக் கவனியுங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கே ஒழுகிய தடம் இருந்தால் சீல் போய்விட்டது, பம்பை மாற்றுங்கள். முன் சீட்டின் கால்மிதியடி ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பான புகைமூட்டம் படிந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) கசிகிறது.

கண்ணுக்குத் தெரியவில்லையா? பிரஷர் டெஸ்டர் (கைப்பம்பும் அழுத்தம் காட்டும் முள்ளும் உள்ள கருவி) வேண்டும். ஆறிய இன்ஜினில் மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் பம்ப் அடியுங்கள். பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார் என்றிருக்கும். கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். முள் இறங்கியும் வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் சந்தேகம் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் மேல்தான். அறிகுறிகள்: சைலன்சரில் விடாத வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் வெண்ணெய் போன்ற கலவை, ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் குமிழிகள். அது வீட்டு வேலை அல்ல, நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள். முள் நின்றும் கூலன்ட் குறைந்தால் மூடியைச் சோதியுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடி பலரும் கவனிக்காத காரணம், விலையும் சொற்பம்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஹோஸ் மாற்றுவது. ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து கூலன்டைப் பேசினில் பிடியுங்கள். தரையில் விடாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும், கொஞ்சமே நாயின் உயிரை எடுத்துவிடும். ஒட்டிக்கொண்ட பழைய ஹோஸை முறுக்கி இழுத்தால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடையும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். கழுத்தில் ஒட்டிய பொருக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ஹோஸை அடிவரை தள்ளுங்கள். கிளாம்ப் கழுத்திலுள்ள மேட்டைத் தாண்டி, ஹோஸ் நுனியிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் கிளாம்பே ஹோஸை அறுத்துவிடும்.

ரேடியேட்டர் மடிப்பில் கசிந்தால் எம்-சீல் சில நாள் தாங்கும், அவ்வளவுதான். மஞ்சள் தூள் கொட்டி அடைக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். ஓட்டையை அடைக்கும் தூள் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

நிரப்பும்போது தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. சின்ன கார்களுக்கு மொத்தம் 4 லிட்டரிலிருந்து 5 லிட்டர் வரை பிடிக்கும். சரியான அளவும் வகையும் கார் கையேட்டில் இருக்கும். நிறம் ஒன்றுதானே என்று வேறு வகையைக் கலக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரின் உப்பு உள்ளே பாறையாகப் படியும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு ஆகாது. தண்ணீர் விட்டு அலசியிருந்தால் இன்ஜினுக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும். ஆகவே மொத்தக் கொள்ளளவில் பாதியளவு கெட்டிக் கூலன்டை முதலில் ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள்.

கடைசி வேலை காற்றை வெளியேற்றுவது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். குமிழிகள் வந்து மட்டம் இறங்க இறங்க மெதுவாக ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்து கீழ் ஹோஸும் சூடாகி, குமிழி நின்றதும் மூடுங்கள். பொங்கி வரத் தொடங்கினால் கையைக் கொண்டுபோகாமல் இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். ஃபேன் ஓடி நிற்பதையும் பார்த்துவிடுங்கள். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், அது தங்கியிருந்த காற்று போனதால்; கூலன்ட் தொட்டியின் மேல் கோடு வரை நிரப்பினால் போதும். அதற்கடுத்த நாளும் இறங்கினால் அட்டையை மறுபடி விரியுங்கள்.