சுவருக்குள் ஏர்கோன் குழாய்: புதிய வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரைச் சுற்றி எழும் புதிய டேரஸ் (வரிசை) வீடுகளில், பூச்சு வேலைக்கு முன்பே ஏர்கோனின் செப்புக் குழாய்களைச் சுவருக்குள் பதித்துவிடச் சொல்லும் வீட்டுக்காரர்கள் பெருகிவிட்டனர். மூத்தவர்கள் செய்து திருந்திய பிழைகளையே புதிதாக வரும் தம்பிகளும் செய்வதால் இதை எழுதுகிறேன். குழாயின் அளவையும் வளைக்கும் முறையையும் வேலை செய்யும்போதே எவரும் கற்றுக்கொள்வர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இணைப்பை உறையின்றி மூடுவது

பெரும்பாலான வீட்டு ஏர்கோன்களில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வெளிப்பெட்டியிலேயே இருப்பதால், வீட்டுக்குள் வரும் இரண்டு குழாய்களுமே குளிர்ந்திருக்கும். ஆகவே பருத்த குழாய்க்கு மட்டும் ரப்பர் உறை போட்டு மெல்லியதை வெறுமனே விடுவதும், இரண்டையும் ஒரே உறைக்குள் திணிப்பதும் தவறு. நம் ஊர்க் காற்றின் ஈரம் ஏறத்தாழ 24 பாகையிலேயே நீராகப் படியத் தொடங்கும். குழாயோ அதைவிட மிகக் குளிர்ந்தது.

ஒரு வீட்டின் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையளவு ஈரம் தோன்றியது. தண்ணீர்க் குழாய்தான் கசிகிறதென்று அடுத்திருந்த குளியலறையின் ஓடுகளை உடைத்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. இரவு முழுவதும் ஏர்கோன் ஓடிய மறுநாள் காலையில் ஈரம் பெருகுகிறது என்று அந்த வீட்டு அம்மா சொன்ன பிறகே, சுவரைச் சரியான இடத்தில் கொத்தினோம். பற்றவைத்த இணைப்பின்மேல் ஒரு விரல் நீளத்துக்கு உறை இல்லை. செம்பின்மேல் நீர் முத்துமுத்தாகப் படிந்திருந்தது. பற்றவைப்பதற்காக உறையைத் தள்ளியவர், கசிவுச் சோதனை முடிந்ததும் அதை இழுத்து ஒட்டவில்லை. சில நிமிட வேலையை விட்டதற்கு ஓடு, பூச்சு, வர்ணம் எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர் பணம் கொடுத்தார். இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உறையின் இரு முனைகளிலும் பசை தடவி, ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டிய பிறகே டேப் சுற்றுங்கள். டேப் மட்டும் நாளடைவில் விலகிவிடும். குழாய்க்காகச் சுவரில் வெட்டிய பள்ளம் ஆழமில்லாமல் உறை நசுங்கினாலும் அவ்விடத்தில் நீர் படியும்.

அழுத்தச் சோதனையின்றிப் பூசவிடுவது

ஏர்கோனின் கையேடு கூறும் அழுத்தத்துக்குக் குழாயில் நைட்ரஜன் ஏற்றி, 24 மணி நேரம் விட்டு, அழுத்தம் இறங்குகிறதா என்று பாருங்கள். வெப்பம் 3 பாகை இறங்கினால் அழுத்தமும் ஏறத்தாழ 1 விழுக்காடு இறங்கும், அது கசிவாகாது. ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றாதீர்கள். எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும்.

குழாய் முனையைத் திறந்து விடுவது

ஏர்கோனைப் பொருத்தும் வரை குழாயின் முனைகளை நசுக்கிப் பற்றவைத்து அடையுங்கள்.

வடிகுழாய்ச் சரிவு

ஏர்கோனின் நீரை வெளியேற்றும் வடிகுழாய்க்கு 100க்கு 1 என்ற சரிவாவது வேண்டும். சுவருக்குள் போகும் வடிகுழாய்க்கும் உறை வேண்டும். கொத்தனார் சாந்து குழைப்பதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, மறுமுனையில் தடையின்றி வெளியேறுகிறதா என்று நின்று பாருங்கள்.