புதிய தயாரிப்புக்குத் திட்டம் போடுவது எப்படி: நாள், ஆள், பணம்

"எப்போது விற்பனைக்கு வரும்?" என்று கேட்ட அன்றே ஒரு தேதியைச் சொல்லிவிட்டு, பிறகு அந்தத் தேதிக்குள் வேலைகளைத் திணிப்பதுதான் பெரும்பாலான திட்டங்களின் கதை. தேதி என்பது கணக்கின் விடை. விடையை முதலில் எழுதிவிட்டால் கணக்குப் போட யாருக்கும் மனம் வராது. எனவே இங்கே வேலைகளில் தொடங்கி, நாள், ஆள், பணம் என்ற வரிசையில் போவோம். எடுத்துக்காட்டாக ஒரே பொருள்: சார்ஜ் செய்து பயன்படுத்தும் சிறிய மேசை விளக்கு. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும். எக்செல் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: எல்லையை வரையுங்கள்

என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அதைவிட முக்கியம், எதைச் செய்யப்போவதில்லை என்ற பட்டியல். "முதல் பதிப்பில் கைப்பேசிச் செயலி கிடையாது, ஒரே நிறம்தான்" என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீரும்.

படி 2: வேலைகளை உடையுங்கள்

'வடிவமைப்பு' என்று எழுதினால் அது என்றைக்கு முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 'ஒப்புதல் பெற்ற உறை வரைபடம்' என்று எழுதுங்கள். கையில் எடுத்துக் காட்டலாம். ஒரு வேலை 80 மணி நேரத்துக்கு மேல் போனால் உடையுங்கள், 8 மணி நேரத்துக்குக் கீழே வந்தால் உடைப்பதை நிறுத்துங்கள் என்பது பழைய கைக்கணக்கு. விளக்கு எடுத்துக்காட்டில் இடம் கருதிப் பெரிய துண்டுகளாகவே வைத்திருக்கிறேன். புதியவர்கள் வழக்கமாக விட்டுவிடுபவை: பாதுகாப்புச் சோதனை, பெட்டி அச்சிடல், கையேடு, கொள்முதல் ஒப்புதலுக்கான காத்திருப்பு.

படி 3: எது எதற்காகக் காத்திருக்கிறது?

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அது தொடங்க எது முடிந்திருக்க வேண்டும் என்று குறியுங்கள். நம் விளக்குக்கு:

- வடிவமைப்பை முடிவு செய்தல்: 3 வாரம்
- சர்க்யூட் போர்டு (வடிவமைப்புக்குப் பின்): 5 வாரம்
- பிளாஸ்டிக் உறையை வார்க்கும் அச்சு, அதாவது மோல்டு (வடிவமைப்புக்குப் பின்): 9 வாரம்
- பெட்டி அச்சிடல் (வடிவமைப்புக்குப் பின்): 3 வாரம்
- பொருத்திப் பார்த்தல் (போர்டும் அச்சும் வந்த பின்): 2 வாரம்
- பாதுகாப்புச் சோதனை (பொருத்திய பின்): 4 வாரம்
- முன்னோட்ட உற்பத்தி (சோதனையும் பெட்டியும் முடிந்த பின்): 2 வாரம்

தொடக்கத்திலிருந்து முடிவு வரை மிக நீளமான வழியைக் கூட்டுங்கள்: 3 + 9 + 2 + 4 + 2 = 20 வாரம். இதைத்தான் கிரிட்டிக்கல் பாத் என்கிறார்கள். 1957 வாக்கில் டூபான்ட் நிறுவனத்தின் ஆலைப் பணிகளுக்காக உருவான முறை இது. இந்த வழியில் உள்ள அச்சு ஒரு வாரம் தாமதமானால் விற்பனையும் ஒரு வாரம் தள்ளிப்போகும். பெட்டி அச்சிடலோ 12 வாரம் தாமதமானாலும் யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் கூட்டங்களில் அதிக நேரம் பேசப்படுவது பெட்டியின் நிறத்தைப் பற்றித்தான்!

படி 4: ஒரு எண் போதாது, மூன்று கேளுங்கள்

அச்சு செய்பவரிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தால் எத்தனை வாரம், வழக்கமாக எத்தனை, மோசமாகப் போனால் எத்தனை என்று கேளுங்கள். அவர் 7, 9, 17 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்: (7 + 36 + 17) ÷ 6 = 10. அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் வந்த 'பெர்ட்' முறையின் சூத்திரம் இது. ஆக, நம் திட்டம் 21 வாரம்.

மோசமான எண்ணிலிருந்து நல்ல எண்ணைக் கழித்து ஆறால் வகுத்தால், எவ்வளவு ஆடும் என்பதும் தெரியும்: 10 ÷ 6, ஏறத்தாழ 1.7 வாரம். அதை இரட்டித்தால் மூன்று வாரத்துக்குச் சற்று மேல். நானாக இருந்தால் மேலதிகாரிகளிடம் சொல்லும்போது "21 முதல் 24 வாரம்" என்பேன்.

படி 5: ஆட்களைப் பொருத்துங்கள்

புதிய திட்டங்கள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான். இதுவரை போட்ட கணக்கில் போர்டு வேலையும் அச்சு வேலையும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஆனால் இரண்டுக்கும் ஒரே பொறியாளர் என்றால்? அச்சுக்கான பத்து வாரத்தில் முதல் வாரம் மட்டுமே அவர் வரைபடம் தர வேண்டும்; போர்டுக்கு ஐந்து வாரமும் அவர் வேண்டும்.

அச்சு வரைபடத்தை முதலில் கொடுத்தால், போர்டு ஒன்பதாம் வாரம் முடியும். அச்சு பதின்மூன்றாம் வாரம் வரும். மொத்தம் அதே 21 வாரம். போர்டை முதலில் எடுத்தாலோ அச்சு வேலை எட்டாம் வாரம் முடிந்த பின்தான் தொடங்கும். மொத்தம் 26 வாரம். ஒரு பைசா கூடுதல் செலவில்லை, வேலையும் கூடவில்லை. வரிசை மாறியதற்கே ஐந்து வாரம். இதைப் பொறியாளரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால், தனக்குப் பிடித்த போர்டைத்தான் முதலில் எடுத்திருப்பார்.

ஆள் கூட்டினால் குறையும் வேலையையும், குறையாத வேலையையும் பிரித்துக் குறியுங்கள். பெட்டி வடிவமைப்புக்கு இன்னொருவரைப் போடலாம். சோதனைக் கூடத்தின் நான்கு வாரத்தை யாராலும் சுருக்க முடியாது.

படி 6: பணத்தை வேலைகளின் மேல் எழுதுங்கள்

பட்ஜெட்டுக்குத் தனிப் பட்டியல் வேண்டாம். அதே வேலைப் பட்டியலில் மூன்று பத்திகளைச் சேருங்கள்: ஆள் செலவு (நாட்கள் × ஒரு நாள் செலவு), ஒருமுறைச் செலவு (அச்சு, சோதனைக் கட்டணம்), ஒவ்வொரு விளக்குக்கும் ஆகும் செலவு (உதிரிப் பாகம், பெட்டி). இவற்றைக் கலந்துவிட்டால் லாபக் கணக்கே போட முடியாது. ஒரு விளக்கின் விலை 100, அதைச் செய்ய 70, ஒருமுறைச் செலவும் ஆள் செலவும் சேர்ந்து 90,000 என்றால், 3,000 விளக்குகள் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும்.

பிறகு எந்த வாரம் எவ்வளவு வெளியே போகிறது என்று பாருங்கள். மொத்தத் தொகை சரியாக இருந்தும், அச்சுக்கு முன்பணம் கேட்கும் ஐந்தாம் வாரத்தில் கையில் காசில்லாமல் நின்ற திட்டங்கள் ஏராளம்.

எதிர்பாராச் செலவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு 10% போடுவதைவிட, எது தவறலாம் என்று எழுதிக் கணக்கிடுவது மேல். மறுசோதனைக்குப் பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு, அதற்கு 10,000 ஆகும் என்றால் 3,000 ஒதுக்குங்கள். எல்லா ஆபத்துகளுக்கும் இப்படிப் போட்டுக் கூட்டி, தனி வரியில் வெளிப்படையாக வையுங்கள். மற்ற வேலைகளுக்குள் ஒளித்து வைத்தால் அது செலவாகிவிடும், எதற்கென்று தெரியாமலே.

படி 7: வாரம் ஒரு முறை திருத்துங்கள்

"எவ்வளவு முடிந்தது?" என்று கேட்காதீர்கள், "90%" என்ற பதில் வாரக்கணக்கில் மாறாமல் வரும். "இன்னும் எத்தனை நாள் வேண்டும்?" என்று கேளுங்கள். புதிய தேதியைப் பழையதன் மேல் எழுதாமல் அடுத்த பத்தியில் எழுதுங்கள். அடுத்த தயாரிப்புக்கு மூன்று எண்கள் கேட்கும்போது, யாருடைய எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அந்த இரண்டு பத்திகளே காட்டும்.